அக்காவுக்கு ஒரு கோட்டைக் கடன்

பாரிஸிலிருந்து அக்கா வருகிறாள் என்றால் எங்கள் வீட்டில் முதல் வேலை மிளகாய்த்தூள் அரைத்து வைப்பது. இந்த முறை தூள் அரைத்தாகிவிட்டது, வடகம் காய்ந்துவிட்டது, அவள் கேட்ட நான்கு நைட்டியும் வாங்கியாகிவிட்டது. அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. மூன்று வருடம் முன்பு அவள் எனக்குக் காட்டிய அரண்மனைகள்தான் காரணம். அந்தக் கடனை எதை வைத்து அடைப்பது?

அக்கா என்றால் பெரியம்மா மகள். வாழ்க்கைப்பட்டது பாண்டிச்சேரியில். மாமாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; அங்கே அப்படிப்பட்ட வீட்டை ‘சொல்தா குடும்பம்’ என்பார்கள். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. தாத்தா எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தின் பலனாக அக்கா இன்றைக்குப் பாரிஸ் புறநகர் ஒன்றில் ஐந்தாவது மாடியில் சாம்பார் வைக்கிறாள். நான் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரகடம் லாரிகளின் ஹாரன் கேட்டுக்கொண்டு சாம்பார் வைக்கிறேன்.

நான் போயிருந்தபோது மூன்று நாள் லுவார் ஆற்றுப்பக்கம் அழைத்துப் போனார்கள். ‘ஷாத்தோ’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் சரியான சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. கோட்டை என்றால் பீரங்கி வேண்டும். அரண்மனை என்றால் ராஜா வேண்டும். ஜமீன் மாளிகை என்றால் ஓரளவு பொருந்துகிறது, ஆனால் எந்த ஜமீன்தார் ஆற்றுக்குக் குறுக்கே வீடு கட்டினார்? ஷெனோன்சோ அப்படித்தான் நிற்கிறது. ஷேர் என்கிற ஆற்றின் மேல் பாலம், பாலத்தின் மேல் இரண்டு மாடி.

அதன் கதையை மாமா சொல்லச் சொல்ல எனக்கு நம்மூர் டிவி தொடர்தான் ஞாபகம் வந்தது. இரண்டாம் ஹென்றி ராஜா அந்த மாளிகையைத் தன் ஆசைநாயகி தியானுக்குக் கொடுத்தான். அவள் ஆற்றின் மேல் பாலம் கட்டினாள், பக்கத்தில் தோட்டம் போட்டாள். 1559-இல் போட்டிச் சண்டையில் ஈட்டி பட்டு ராஜா போய்விட்டான். ராணி கேத்தரின் பொறுத்திருந்தவள். தியானுக்கு வேறொரு மாளிகையைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டாள். தியான் கட்டிய பாலத்தின் மேலேயே நடனக்கூடம் எழுப்பினாள். எதிர்ப்பக்கத்தில் தனக்கென்று ஒரு தோட்டமும் போட்டாள். இன்றைக்கும் ஒரு பக்கம் சக்களத்தி தோட்டம், மறுபக்கம் ராணி தோட்டம். நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் தேனிலவுத் தம்பதிகள். அவர்களிடம் யாரும் கதையைச் சொல்வதில்லை போல.

வில்லாந்ரி எனக்கு அதைவிடப் பிடித்தது. 1906-இல் கார்வாயோ என்கிற ஸ்பெயின்காரர் ஒருவர் வாங்கி, பழைய காலத்துத் தோட்டத்தை மறுபடி உண்டாக்கினார். அங்கே அழகுக்கு வைத்திருப்பது முட்டைக்கோஸும் பூசணியும் லீக்கும்தான்! ஒன்பது சதுரம், ஒவ்வொன்றிலும் காய்கறியைக் கோலம் மாதிரி நட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கத்தரித்த புதர்களால் காதல் தோட்டம் என்று ஒன்று. மென்காதல், வெறிக்காதல், நிலையில்லாக் காதல், சோகக்காதல் என்று நான்கு பாத்தி. மாமாவுக்கு முட்டி வலி. சோகக்காதல் பக்கத்தில் பெஞ்சு கிடைத்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இரவு தங்கியது ஒரு கிராமத்து வீட்டில். வீட்டுக்காரர்களே மாடியில் இரண்டு அறையை விருந்தாளிக்கு விடுவார்கள், காலையில் ரொட்டியும் அவர்கள் கிளறிய அத்திப்பழ ஜாமும் வைப்பார்கள். நான்கூட, “எதுக்குக்கா இங்க தங்கறது, ராத்திரியே பாரிஸ் போயிடலாமே” என்றேன். “பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருடி” என்றாள். மறுநாள் காலையில் ஆற்றோரம் நடந்து போனோம். பனிமூட்டத்துக்குள் ஷெனோன்சோ மாளிகை பாதி தெரிந்தது, பாதி தண்ணீரில் கிடந்தது. ஓர் ஆள் இல்லை. பத்து மணிக்குத் திரும்பி வந்தால் தலைகள்தான் தெரிந்தன.

இதுதான் கடன். இப்போது அவளும் மாமாவும் பதினைந்து நாள் லீவில் வந்து, “எங்கியாவது கூட்டிக்கினு போடி” என்கிறார்கள். மகாபலிபுரம் பார்த்தாகிவிட்டது. பாண்டிச்சேரி அவர்கள் ஊர். என் வீட்டுக்காரர்தான், “பிரெஞ்சுக்காரன் கோட்டை நம்ம மாவட்டத்துலயே ஒண்ணு இருக்குதே” என்றார். ஆலம்பறை. ஆலம்பரை என்றும் எழுதுவார்கள், இரண்டு பலகையும் பார்த்திருக்கிறேன். கடப்பாக்கம் பக்கத்தில், மகாபலிபுரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் ஏறக்குறைய நடுவில்.

காலையில் பாடலாத்ரி நரசிம்மரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். குடைவரைக் கோயில், மூலவர் மலையோடு மலையாக இருக்கிறார். பட்டர் தீபத்தைக் காட்டித் திருமண்ணை விலக்கி நெற்றிக்கண்ணைக் காண்பித்ததும் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து கிரிவலம் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார்.

செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றம் வழி போனோம். மலைக்கோயிலுக்கு ஏறும் வழியில் ஒருகல் மண்டபம் என்று பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. அதன் தூண்களில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்துத் துரைமார்கள் பொழுது போக்க இங்கே வந்திருக்கவேண்டும். “நம்ம பசங்க பாறையில ஆர்ட்டின் போட்டா மட்டும் திட்டறோம்” என்றாள் அக்கா. அதுவும் சரிதான், ஆனால் ஏறும்போது பாதிப் படியில் அவளைச் சிரிக்க வைக்காதீர்கள். பத்து நிமிடம் நிற்கவேண்டியதாகிவிட்டது.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையை ஒரு மணி நேரம் பார்த்தோம். மத்தியத் தொல்லியல் துறை சுத்தமாக வைத்திருக்கிறது. செங்கல் மதில், தானியக் கிடங்கு, வாசலில் பீரங்கி, ஓர் ஓரத்தில் கல்லறைத் தோட்டம். கல்லறைக் கற்களில் இருக்கிற சிற்ப வேலையைப் பார்த்தால் செத்தவர்களுக்கே இவ்வளவு என்றால் இருந்தவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று தோன்றும். இந்த இடத்துக்குப் பிரெஞ்சு சம்பந்தம் இரண்டு உண்டு. 1754 ஜனவரியில் சண்டையை நிறுத்தலாமா என்று பேச ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தூது அனுப்பியது இங்கேதான். டச்சுக்காரர் நடுநிலை, அதனால் அவர்கள் வீட்டு முற்றம் பஞ்சாயத்துக்கு வசதி. பேச்சு முறிந்தது. 1782 பிப்ரவரியில் எதிர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். இப்போது அதே கடலோரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் தெரிகிறது. மாமா அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார், கோட்டையைப் பற்றி அல்ல.

கடப்பாக்கத்துக்குச் சாயங்காலம் வந்து சேர்ந்தோம். ஊரைச் சுற்றியுள்ள இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, நடுவில் ஊர். ‘இடைக்கழி’ என்ற பெயரை விளக்க வேறு ஆள் வேண்டாம்.

தங்கிய இடத்தைப் பற்றி நல்லபடி எழுத ஆசைதான். படத்தில் நீச்சல்குளம் இருந்தது, நேரில் குளம் இருந்தது, நீச்சல் இல்லை. ஏசி ஓடும்போது விளக்கு மங்கியது. கொசுவத்தி கேட்டதற்குப் பையன், “வாசப்பக்கம் ஜன்னல சாத்திடுங்கக்கா, போதும்” என்றான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை அவர்கள் செய்யவில்லை, பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் செய்து கொடுத்தார். கழிமுகத்து மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு. மாமா பாரிஸில் பத்து வருடமாகக் கடைப்பிடித்த கொலஸ்ட்ரால் கணக்கை அன்றைக்கு ஒத்திவைத்தார். அக்கா மட்டும் கையைக் கழுவும்போது, “அந்தப் பிரெஞ்சுக் கெழவி வீட்ல உனக்கு ஜாம் கொடுத்தது ஞாபகம் இருக்குதா? அதவிட இது தேவல” என்றாள். பாதிக் கடன் அங்கேயே தீர்ந்தது.

விடிய ஐந்தரைக்கு எல்லோரையும் எழுப்பினேன். இதை அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன், அவள்தான் திட்டினாள்.

சவுக்குத் தோப்பு வழியாக மண் பாதை. அப்புறம் திடீரென்று செங்கல். ஆலம்பறையைக் கோட்டை என்று சொல்வதைவிட, கோட்டை உட்கார்ந்து எழுந்துபோன இடம் என்று சொல்லலாம். மேற்கில் மதிலும் கொத்தளமும் ஓரளவு நிற்கின்றன. கிழக்கே போகப்போகச் சுவர் குட்டையாகி, துண்டாகி, பெரிய பெரிய பாளமாகக் கழியில் சரிந்து கிடக்கிறது. 2004 சுனாமி மிச்சமிருந்ததிலும் கை வைத்தது. செங்கல் எல்லாம் பிஸ்கட் மாதிரி மெலிசு, நடுவே சுண்ணாம்பு. விழுந்த பாளத்தில்கூட செங்கலும் சுண்ணாம்பும் ஒன்றை ஒன்று விடவில்லை. கழிக்கு அப்பால் வெள்ளையாக மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல். தண்ணீர் அசையவே இல்லை. இரண்டு கொக்கு, ஒரு வலைக்காரர், நாங்கள் நான்கு பேர்.

அக்கா வெகு நேரம் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நிற்பது சாதாரணம் இல்லை.

கதையை நான் சொன்னேன். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1730-களின் கடைசியில் எழுந்த கோட்டை. நூறு மீட்டர் நீளத்தில் படகுத்துறை இருந்தது. ஜரிகைத் துணியும் நெய்யும் உப்பும் இங்கிருந்து கப்பல் ஏறின. நாணயம் அடிக்கும் அக்கசாலையும் உண்டு. ஆலம்பறை வராகன், ஆலம்பறைக் காசு என்று பேரே இருந்தது. பிறகு புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தவர் துய்ப்ளே. ஐதராபாத் சுபேதார் பதவிக்கு நடந்த சண்டையில் முசாபர் ஜங் பக்கம் நின்றார். அதற்குப் பதில் மரியாதையாக 1750-இல் ஆலம்பறை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. நம்மூரில் ஒரு காரியத்துக்கு உதவினால் வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் துறைமுகம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“இதுல ரொமான்ஸ் எங்கடி?” என்றாள் அக்கா. ஷெனோன்சோ பார்த்தவள், கேட்கத்தான் செய்வாள்.

இருக்கிறது. துய்ப்ளே 1741-இல் மணந்த ழான், புதுச்சேரியிலேயே பிறந்தவள், நன்றாகத் தமிழ் பேசுவாள். விதவை, முதல் கல்யாணத்தில் குழந்தைகள் உண்டு. கவர்னரின் ராஜதந்திரத்துக்கு அவள்தான் காதும் நாக்கும். ஊரில் ழான் பேகம் என்றே அழைத்தார்கள். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அவளைக் கண்டாலே ஆகாது; தன் நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகப் பொருமியிருக்கிறார். 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவள் பங்கையும் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே இந்தக் காதல் கதையை இனிப்பாகச் சொல்ல என் வாய் வரவில்லை. ஒருவருக்கொருவர் உண்மையாக இருந்த தம்பதி என்று வேண்டுமானால் சொல்லலாம். 1754-இல் துய்ப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கம்பெனி தனக்குத் தரவேண்டிய பணத்துக்காக வழக்காடிக்கொண்டே அவர் ஒன்பது வருடம் கழித்துப் பாரிஸில் இறந்தார். ழான் அதற்கு முன்பே, 1756-இல் போய்விட்டாள். தமிழ் பேசத் தெரிந்தவள் அந்தக் குளிரில் யாரோடு தமிழ் பேசியிருப்பாள் என்று அக்கா கேட்டாள். ஐந்தாவது மாடிக்காரி கேட்கிற கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

அங்கே மதில் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அதே 1750-இல் ஷெனோன்சோவில் யார் இருந்தார்கள்? துப்பேன் என்கிற குடும்பம். 1733-இல் அதை வாங்கிய துப்பேன் துரை, ராஜாவுக்காக வரி வசூலிக்கும் குத்தகைதாரர்களில் ஒருவர். அந்தக் குத்தகையில் முக்கியமான ஒன்று உப்பு வரி. பிரான்ஸில் ஏழை வீட்டு உலையில் விழுந்த ஒவ்வொரு பிடி உப்புக்கும் பணம் வாங்கிய கூட்டம் அது. அந்தக் காசில் துப்பேன் அம்மாள் ரூசோ மாதிரி ஆட்களை வரவழைத்து, நாடகம் போட்டு, தோட்டத்தில் உலாவினாள். இங்கே அதே தேசத்தின் கம்பெனி உப்புக் கழியோரம் சுங்கம் எண்ணிக்கொண்டிருந்தது. கல்லாப்பெட்டி இந்தப் பக்கம், பூந்தோட்டம் அந்தப் பக்கம்.

ஆலம்பறையில் யாரும் தோட்டம் போடவில்லை. கணக்குப் பார்க்க வந்தார்கள், காவலுக்கு இருந்தார்கள், இது யாருக்கும் வீடாக இருந்ததில்லை. துப்பேன் அம்மாளோ பிரெஞ்சுப் புரட்சியின்போதும் அங்கேயே வாழ்ந்தாள். பாலம் ஊருக்கு வேண்டும் என்ற காரணமும் சேர்ந்து மாளிகை பிழைத்தது. இங்கோ, 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். அந்த வருடமே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை ஆலம்பறையைப் பிடித்தது, பிறகு தகர்த்தார்கள். அழுவதற்கு இங்கே யாருக்கும் ஒரு ரோஜாச்செடிகூட இல்லை. தோற்ற தளபதி லாலியைப் பிரான்ஸிலேயே 1766-இல் தலையை வெட்டினார்கள், அது வேறு கதை.

“தோட்டம் இல்லன்னு யார் சொன்னது?” என்றார் மாமா. கையைக் காட்டினார். வழியெல்லாம் சவுக்கு, அதற்குப் பின்னால் மாந்தோப்பு, ரோட்டோரம் குவித்து வைத்த தர்ப்பூசணி. வில்லாந்ரியில் முட்டைக்கோஸைப் பார்க்க டிக்கெட் எடுத்தவர் சொல்கிறார், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எட்டு மணிக்குப் படகுக்காரர்கள் வந்தார்கள். பேரம் பேசி மணல்திட்டுக்குப் போய் வந்தோம். படகிலிருந்து திரும்பிப் பார்த்தால் இடிந்த மதில் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. அக்கா போனை எடுத்து, மூன்று வருடம் முந்தைய ஷெனோன்சோ படத்தைத் தேடிப்பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போனை உள்ளே வைத்துக்கொண்டாள். ஒன்பதரைக்கு ஒரு வேன் நிறையக் காலேஜ் பிள்ளைகள் இறங்கினார்கள், பாட்டுப் பெட்டியோடு. நாங்கள் கிளம்பினோம்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சித்திரை வைகாசியில் போகாதீர்கள். தோப்பைத் தாண்டினால் நிழல் கிடையாது. தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். சரிந்த சுவர் மேல் ஏறிப் படம் எடுக்கவேண்டாம், எப்போது நகரும் என்று அதற்கே தெரியாது. தங்குவதற்குக் கடப்பாக்கம் சரிப்படவில்லை என்றால் மகாபலிபுரம் ஒத்தவாடைத் தெருவில் எல்லாச் செலவுக்கும் அறை உண்டு, ஆனால் விடியலில் கோட்டையைப் பார்க்க நான்கு மணிக்கே கிளம்பவேண்டியிருக்கும்.

திரும்பும்போது செய்யூர் உப்பளம் வழியாக மதுராந்தகம் வந்து ஜிஎஸ்டி ரோடு பிடித்தோம். செய்யூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி அக்கா இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கினாள். “பாரிஸ்ல உப்பு கிடைக்காதா?” என்றார் மாமா. “கிடைக்கும். ஆனா துப்பேன்கிட்ட வாங்க மாட்டேன்” என்றாள்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி பக்கம் டீ குடிக்க நின்றோம். தண்டவாளத்தில் பீச் போகிற மின்ரயில் ஒன்று கடந்தது. அக்கா டம்ளரோடு கை நீட்டினாள். “அது என்னாடி, பழைய சுவரு மாதிரி?”

“அது செங்கல்பட்டுக் கோட்டை. விஜயநகரக்காரங்க கட்டினது. ரயில் ரோடு அது ஊடாலதான் போகுது. உள்ள இப்ப கவர்மெண்டு ஆபீஸுங்க.”

“பிரெஞ்சுக்காரங்க வந்தாங்களா?”

வந்தார்கள். 1751-இல் பிடித்தார்கள், மறு வருடம் ராபர்ட் கிளைவ் பிடுங்கிக்கொண்டான். அதோடு இல்லை. முசாபர் ஜங் நம்ம ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மூவாயிரம் குதிரை மன்சப்தார் பட்டம் கொடுத்தபோது, இந்தக் கோட்டைக்குத் தளபதியாகவும் சீமைக்கு ஜாகிர்தாராகவும் அவரைத்தான் நியமித்தான். ழான் பேகத்தைத் திட்டித் தீர்த்த அதே பிள்ளைவாள்.

“எத்தன வருஷமா இந்த ரயில்ல போற?”

“இருபத்தி நாலு.”

“உள்ள போய்ப் பாத்திருக்கியா?”

டீ ஆறிவிட்டது, இன்னொன்று சொல்கிறேன் என்று எழுந்தேன்.